நீர்க்கோட்டுக்கு மேல் வைத்த அமிலம்

என்னைப் போலச் சந்தேகம் பிடித்த ஒருத்தியிடம் எந்தப் பூட்டின் திறப்பையும் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்துவிட்டார்கள். சுனாமி வந்து ஒரு வருடம் ஆகிக்கொண்டிருந்த நேரம் அது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற கல்லடிப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் சிறிய ஆய்வுகூடம் ஒன்றை ஓர் உதவி நிறுவனம் திறந்தது. உப்பேறிப்போன கிணறுகளை இறைத்து, குளோரின் போட்டு, மறுபடி குடிக்கலாமா என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. பொறுப்பாளர் நான். களஞ்சியத்துக்கு ஒருவர். எங்கள் இருவருக்கும் மேலே, கிழமைக்கு இரண்டு தரம் வந்துபோகும் ஒருங்கிணைப்பாளர். அவ்வளவுதான் ஆட்கள்.

களஞ்சியக்காரர் என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் என்னை மிஸ் என்பார். முன்பு ஒரு சங்கக் கடையில் உரமும் பூச்சிமருந்தும் பார்த்துக் கொடுத்தவர். அதிகம் பேசமாட்டார். அதிகம் பேசாதவர்களை எனக்கு அந்த நாளில் பிடிக்காது. எதையோ ஒளித்து வைத்துக்கொண்டுதான் வாயை மூடிக்கொண்டு திரிகிறார்கள் என்று நினைப்பேன். போதாததற்கு அவருடைய ஊர் படுவான்கரை. வாவிக்கு இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் இயக்கம். காலையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் சைக்கிளோடு ஏறி இக்கரைக்கு வருவார். பின்னேரம் அதே பாதையில் திரும்பிப் போவார். சைக்கிளின் முன்னால் ஒரு துணிப் பை தொங்கும். அந்தப் பையை நான் கண்ணாலேயே எத்தனை தரம் அவிழ்த்துப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

பயப்படக் காரணம் இல்லாமல் இல்லை. தண்ணீரில் உப்பைப் பார்க்க வெள்ளி நைத்திரேற்று வேண்டும். வெடிமருந்தோ என்ற சந்தேகத்தில், நைத்திரேற்று என்ற சொல் ஒட்டியிருக்கிற எதையும் அப்போது கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குக் கொண்டுவருவது லேசான காரியமல்ல. அமிலமும் அப்படித்தான், மெதனோலும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் அனுமதிக் கடிதம். அதன் அடியில் என் கையெழுத்தும் என் அடையாள அட்டை இலக்கமும். ஒரு போத்தல் குறைந்தால் முதலில் என்னைக் கூப்பிடுவார்கள். பிறகு அவரைக் கூப்பிடுவார்கள். நான் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அவர் அக்கரைக்காரர். அவருக்குக் கள்ளன் என்ற பெயரோடு விடமாட்டார்கள், அதைவிடப் பெரிய பெயரை வைப்பார்கள். அந்த மனிதருடைய பெயர் என் பேனா முனையில் இருந்தது. அது எனக்குத் தெரியாமலும் இல்லை.

போத்தல்கள் வைக்கோல் திணித்த பெட்டிகளில் வந்து இறங்கின. அவற்றை எதில் வைப்பது என்ற பேச்சு அன்றைக்கே தொடங்கியது. ஒருங்கிணைப்பாளர் வெளிநாட்டு விலைப்பட்டியல் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மஞ்சள் நிற அலுமாரி. ஒவ்வொரு தட்டிலும் ஒழுகினதை ஏந்தும் தட்டம். மேலேயும் கீழேயும் காற்றுப் போகத் துவாரம். விட்டால் தானாகவே மூடிக்கொள்ளும் கதவு. பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், வாழ்நாளில் ஒருவரையும் சந்தேகித்தே அறியாதவர் போலச் சிரித்துக்கொண்டு நின்றார். “இது கப்பல்ல வந்து, அதுக்கும் ஒரு அனுமதி எடுத்து, இஞ்ச வந்து சேருறதுக்குள்ள எங்கட வேலையே முடிஞ்சிரும்” என்று ஒருங்கிணைப்பாளர் புத்தகத்தை மூடினார். “உள்ளூர்ல கிடைக்கிறதப் பாருங்க.”

அவர் போன பிறகு களஞ்சியக்காரர் தானாக வந்து பேசினார். அவர் தானாக வந்து பேசியதே எனக்குச் சரியாகப் படவில்லை.

“மிஸ், ரெண்டு பலகைப் பெட்டி அடிப்பம். முழங்கால் உயரத்துக்கு மேல வேணாம். உள்ளுக்குப் பிளாஸ்டிக் பேசன் வச்சா, ஒழுகினாலும் அதுக்குள்ளயே நிக்கும்.”

“இரும்பு அலுமாரி இருக்கே அண்ணன்.”

“இரும்ப அசிட் தின்னும் மிஸ். பலகைய லேசில தின்னாது. குளோரின் தூள மத்த அறையில வைப்பம். ரெண்டும் ஒண்டாச் சேர்ந்தா மூச்செடுக்க ஏலாது. சங்கக் கடையில ஒருக்கா நான் பட்டிருக்கன்.”

அவர் சொன்னது எதுவும் எனக்குப் புதிதல்ல. அமிலத்தைக் கண் மட்டத்துக்குக் கீழேதான் வைக்க வேண்டும், எரியக்கூடியதையும் அமிலத்தையும் ஒன்றாக வைக்கக் கூடாது, காற்றோட்டம் வேண்டும். இதையெல்லாம் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தபோது எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. பலகைப் பெட்டியை ஓர் உளியால் திறக்கலாம். முழங்கால் உயரம் என்றால், நான் கிணறு பார்க்கப் போயிருக்கும் நேரத்தில் குனிந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போகலாம். இரண்டு அறை என்றால் எனக்கு இரண்டு கண் போதாது. ஆக, எல்லாம் தனக்கு வசதியாகச் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன்.

இன்னொன்றும் இருந்தது. அந்த வீட்டுச் சுவரில் அலை நின்ற கோடு இருந்தது. வீட்டுக்காரர் இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தும் உப்பு ஊறி மறுபடி தெரிந்தது. என் நாடி மட்டத்துக்கு வரும். அந்த வருடம் கரையோரத்தில் யாரும் எதையும் கீழே வைக்கவில்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை, அரிசி எல்லாம் கூரை வளையிலும் பரணிலும் தொங்கின. மேசைக்கு மேல் அடுப்பை ஏற்றிச் சமைத்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அலை வந்த காலை நான் பக்கத்து வீட்டு மாடிப்படியில் நின்றேன். அக்கா எனக்கு ஆறு படி கீழே நின்றாள். மேலே இருப்பது தப்பும் என்பதைத் தவிர வேறெந்தப் பாதுகாப்பு விதியும் அதற்குப் பிறகு என் தலைக்குள் நிற்கவில்லை. அமிலம் தண்ணீரில் அள்ளுப்பட்டுப் போய்ப் பிள்ளைகளின் காலில் உடைவதைக் கனவில்கூடக் கண்டேன்.

பட்டினத்தில் ஒரு கடைக்கு இருவரும் போனோம். சாம்பல் நிற இரும்பு அலுமாரி. கடைக்காரர் கதவில் கையால் குத்திக் காட்டி, “யானை முட்டினாலும் திறக்காது” என்றார். நான் பூட்டைப் பற்றி மட்டும் நான்கு கேள்வி கேட்டேன். களஞ்சியக்காரர் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, “காத்துப் போக வழியில்லயே” என்றார். “ஏன், ஆளையா உள்ளுக்கு வைக்கப் போறீங்க” என்று கடைக்காரர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த அலுமாரிதான் வந்தது. அதையும் நான் தரையில் வைக்கவில்லை. மேசனைக் கூப்பிட்டுக் கல்லடுக்கி மேடை கட்டி அதற்கு மேல் ஏற்றினேன். குளோரின் தூளை மட்டும் அவர் பிடிவாதமாக மற்ற அறைக்குக் கொண்டுபோனார். அதில் நான் விட்டுக்கொடுத்தேன், தூளை யாரும் களவெடுக்கமாட்டார்கள் என்பதால். அமிலமும் மெதனோலும் வெள்ளி நைத்திரேற்றும் அலுமாரியின் மேல் தட்டுகளில், சுவரில் தெரிந்த கோட்டுக்கு ஒரு முழம் உயரத்தில் நின்றன. எடுக்க வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். அலுமாரிப் பூட்டுக்கு மேலதிகமாக ஓர் ஆமைப்பூட்டும் போட்டேன். ஒரு திறப்பு என்னிடம், மற்றது அவரிடம். இரண்டு பேரும் நின்றால்தான் கதவு திறக்கும். கதவைப் பூட்டியதும் எனக்கு வந்த நிம்மதி இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஒருங்கிணைப்பாளர்கூட மெச்சினார்.

வெள்ளிக்கிழமைதோறும் போத்தல்களை இறக்கி எண்ண வேண்டும் என்பது என் கட்டளை. இரண்டாவது மாதம் மெதனோல் போத்தலில் அளவு கொஞ்சம் இறங்கியிருப்பது போலத் தோன்றியது. யாருக்கும் சொல்லாமல் லேபிளின் ஓரத்தில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை திரவம் கோட்டுக்குக் கீழே நின்றது. மறுபடி கோடு. மறுபடி கீழே. இரண்டு திறப்பும் சேராமல் கதவு திறக்காது என்பதையும் யோசித்தேன். யோசித்து, அவர் என் திறப்பை அச்செடுத்து வேறொன்று வெட்டியிருக்கிறார் என்று கண்டுபிடித்தேன். காலையில் அவர் வந்து கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் போய் நின்று மூச்சை மணந்து பார்த்தேன். வெற்றிலை மணம்தான் வந்தது. மணத்தை மறைக்கத்தான் வெற்றிலை போடுகிறார் என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தேன். மெதனோலைக் குடித்தால் கண் போய்விடும், ஆள் போய்விடும், அவரோ நல்ல கண்ணோடு பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அது மட்டும் எனக்குப் படவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஸ்டூலில் நின்றபடி, “மிஸ், தட்டத் தாங்குற கொழுக்கியெல்லாம் துருப்புடிச்சிட்டு. கைய வச்சா உதிருது” என்றார்.

“புது அலுமாரி அண்ணன் அது.”

“புதுசுதான். உள்ளுக்கு அசிட் ஆவி நிக்கிது. தட்ட இறக்கிருவம். கீழ வச்சிட்டு, மறுகா பலகைப் பெட்டி அடிப்பம்.”

மறுபடியும் பலகைப் பெட்டி. மறுபடியும் கீழே. எனக்குள் கோபம் ஏறியது. நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “முதல்ல எண்ணி முடிங்க. ஒண்டும் விடாம எல்லாத்தையும் இறக்குங்க. மெதனோல நான் பார்க்கணும்” என்றேன். என் குரலில் இருந்தது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.  மெதனோல் போத்தலை எடுத்து என் கையில் தந்துவிட்டு, பின்னால் நின்ற அமிலப் போத்தலுக்குக் கையை நீட்டினார். தட்டின் இடது பக்கம் இறங்கியது.

போத்தல் அவருடைய தோளில் பட்டு, ஸ்டூலில் உடைந்தது. கழுத்து, காது, இடது கை. நான் கிட்டப் போனேன். அவர் வலது கையால் என்னைத் தள்ளினார். “கிட்ட வராத பிள்ள, உனக்கும் தெறிக்கும்” என்றார். அதுவரை அவர் என்னை மிஸ் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி அழைத்ததில்லை. வாளியில் இருந்த தண்ணீரை ஊற்றினேன். அது முடிய முற்றத்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், நாங்களே உப்பு என்று எழுதிக் கொடுத்த அந்தத் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினேன். சட்டை தோலோடு ஒட்டியிருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தார். ஓட்டோ வரும்வரை ஊற்றினேன். கண் தப்பியது.

அன்று மாலை ஒருங்கிணைப்பாளர் வந்தார். விபத்து அறிக்கை உடனே வேண்டும், அனுமதி தந்த இடத்துக்கும் பிரதி போகும் என்றார். நான் எழுதினேன். ஒரு பக்கம்தான். நடந்தது எல்லாம் அதில் சரியாகத்தான் இருந்தது, ஒரு சொல்லைத் தவிர. ‘களஞ்சியப் பொறுப்பாளரின் கவனயீனத்தால்’ என்று தொடங்கினேன். அப்படி எழுதும்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. பயம் சொன்னது என்று சொல்லித் தப்பலாம். பயம் பாதிதான். மீதி, மெதனோல் களவெடுக்கிற மனிதருக்கு இது போதாது என்ற எண்ணம். கை எரிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஒருவரைப் பற்றி நான் அப்படி நினைத்தேன்.

அவர் இரண்டு மாதம் வேலைக்கு வரவில்லை. மெதனோல் போத்தலை அதே அலுமாரியின் நடுத் தட்டில் வைத்து, இரண்டு திறப்பையும் நான் என் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரிந்தேன். முதல் வெள்ளிக்கிழமை திரவம் பென்சில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும். மூன்றாம் வெள்ளிக்கிழமை போத்தலின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். மூடிக்குள் இருந்த மென்மையான ரப்பர் வட்டம் வெடித்துப் போயிருந்தது. மேலே தகரக் கூரை, நடுவே காற்றே போகாத இரும்புப் பெட்டி, உள்ளே சரியாக மூடாத மெதனோல். யாரும் எடுக்கவில்லை. அது தன்பாட்டில் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். 

அதற்குப் பிறகு தச்சரைக் கூப்பிட்டு இரண்டு பலகைப் பெட்டி அடித்தேன். முழங்கால் உயரம், உள்ளே பேசன், வெவ்வேறு அறை. எல்லாம் அவர் சொன்னபடி. அறிக்கையை மட்டும் தொடவில்லை.

அவர் திரும்பி வந்தார். பெட்டிகளைப் பார்த்து, “இது நல்லம்” என்றார். அவ்வளவுதான். அதற்குள் அக்கரையில் சண்டை மூண்டுவிட்டது. ஊர் ஊராக இடம்பெயர்ந்து சனம் இக்கரைக்கு வந்தது. அவரும் குடும்பத்தோடு வந்து ஒரு முகாமில் இருந்தார். சோதனைச் சாவடிகள் கூடின. தழும்பு உள்ள ஆண்களை, இயக்கத்தில் பட்ட காயமோ என்று நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொல்லும் காலம் அது. கழுத்திலும் கையிலும் அப்படி ஒரு தழும்போடு ஒரு படுவான்கரை ஆள் எங்கே போவது? வேலையில் பட்ட காயம் என்று அலுவலகத்தில் ஒரு கடிதம் தரச் சொல்லிக் கேட்டார். ஒருங்கிணைப்பாளர் என் அறிக்கையைப் பார்த்தே அதை ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்து, சிங்கள மொழிபெயர்ப்பும் சேர்த்து, முத்திரை குத்தி என் முன்னால் வைத்தார். கவனயீனம் முதல் வரியிலேயே இருந்தது. எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், அப்படியானால் யாருடைய பிழை என்று அவர் கேட்பார். கையெழுத்துப் போட்டேன். களஞ்சியக்காரர் அதை வாசிக்காமலே மடித்துப் பைக்குள் வைத்து, “பெரிய உதவி மிஸ்” என்றார்.

சில மாதத்தில் ஆய்வுகூடத்தை மூடிவிட்டார்கள். நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். அவரை அதற்குப் பிறகு காணவில்லை. தேடவும் இல்லை.

சண்டை முடிந்த வருடம், வாழைச்சேனையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் மட்டக்களப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சண்டைதான் முடிந்திருந்தது. சாவடிகள் இன்னும் எடுபடவில்லை. வழியில் எல்லோரையும் இறக்கினார்கள். பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. ஆண்கள் வரிசையில் ஒருவரை வெளியே எடுத்து, கழுத்தைக் காட்டிச் சிப்பாய் ஏதோ கேட்டான். அந்த மனிதர் பதற்றமில்லாமல் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிய ஒரு தாளை எடுத்து நீட்டினார். சிப்பாய் பார்த்தான், தலையாட்டினான், விட்டான். தாளைக் கண்டபோதே எனக்கு ஆளும் விளங்கிவிட்டது.

பஸ்ஸில் ஏறிய பிறகு பக்கத்தில் போய் நின்றேன். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைக் கண்டு எழும்பப் பார்த்தார். நான் தோளில் கை வைத்து உட்கார வைத்தேன். கிரான் பக்கத்து வட்டையில் மைத்துனரின் வயலில் வேலை என்றார். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

“அண்ணன், அந்தக் கடிதத்தில ஒரு பிழை இருக்கு” என்றேன். “உங்கட கவனயீனம் எண்டு எழுதியிருக்கு. அது பொய். கொழுக்கி துருப்பிடிச்சிட்டு எண்டு நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல்ல. வேற கடிதம் எழுதித் தாறன். நாளைக்கே தாறன்.”

அவர் தாளை எடுத்து மடியில் வைத்தார். “எனக்குத் தெரியும் பிள்ள. முகாமில ஒரு வாத்தியார் வாசிச்சுச் சொன்னவர்” என்றார். “ஆரம்பத்தில கோவந்தான். மறுகா பழகிட்டு.”

“பழகத் தேவல்ல. நான் மாத்தித் தாறன்.”

“வேணாம்.” குரலில் கோபம் எதுவும் இல்லை. எனக்கு விளங்கப்படுத்துவது போல மெதுவாகச் சொன்னார். “இந்த றோட்டுல நிக்கிறவனுகள் எல்லாரும் இந்தக் கடதாசியத்தான் பார்த்துப் பழகினவனுகள். சில இடத்தில பதிஞ்சும் வச்சிரிக்கானுகள். இப்ப வேற ஒண்டக் குடுத்தா, முன்ன ஒண்டு சொன்ன, இப்ப ஒண்டு சொல்ற, எது உண்மை எண்டு கேப்பானுகள். என்னத்தச் சொல்ற? இது இப்பிடியே இரிக்கட்டும். கவனமில்லாதவன் எண்டா விட்டிருவானுகள்.”

தாளைத் திரும்பவும் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையால் ஒருதரம் தட்டிப் பார்த்தார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் அவருடைய இடது பக்கத்தில் உட்கார்ந்தேன். மட்டக்களப்பு வரும்வரை இன்னும் இரண்டு இடத்தில் இறக்கினார்கள். இரண்டு இடத்திலும் அவர் என் கையெழுத்தைக் காட்டினார்.